ஹாரூன் மலைக்கு வந்த விருந்தாளி

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் இப்படி நகர்ந்து வாருங்கள், என் கண்களா. தேநீர் அது பாட்டுக்குக் கொதிக்கட்டும். இன்றைக்கு நம் முசல்லத்தின் கதையைச் சொல்கிறேன். நல்ல மனசோடு தப்புச் செய்தவனின் கதை. கெட்டவன் செய்த தப்பைக் கேட்டால் கோபம் வந்து, அது ஆறி, தூக்கமும் வந்துவிடும். இந்தக் கதைக்குத் தூக்கம் வராது. முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

முசல்லம் பெட்ராவில் வழிகாட்டி. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிவப்புப் பாறை வாசல்களை வெளிநாட்டாருக்குக் காட்டுகிறவன். பள்ளிக்கூடம் காட்டாத ஆங்கிலத்தைப் பயணிகளிடமே பொறுக்கிக்கொண்டவன். பெண்டாட்டி பெயர் ஹம்தா. அம்மானிலிருந்து ஒரு கம்பெனி பெரும் பணக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரும். மூசா நபி நின்று பார்த்த மலை, உப்புக் கடல், பெட்ரா, அதற்குப் பிறகு தெற்கே செம்மணல் என்று எட்டு நாள் பயணம். இரவெல்லாம் பட்டு விரித்த படுக்கை. நடுவில் ஒரு மத்தியானம் மட்டும் நம் ஆட்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பாடு. அந்த வீடு முசல்லத்தின் வீடு.

கம்பெனியின் ஆள் ரம்ஸி. மாதபா ஊர்ப் பையன், நல்லவன்தான். ஆனால் பத்து நிமிஷம் தாமதம் என்றால் வாட்சைப் பார்த்துக்கொண்டே எல்லாரையும் விரட்டுவான்.

அந்த வசந்தத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். ஏழு பேர் ஜோடியும் கூட்டுமாக இருந்தார்கள், ஒரு அம்மாள் மட்டும் தனி. எட்னா என்று பெயர். அமெரிக்கக்காரி, எழுபத்து நாலு வயது, நெட்டை, எலும்பும் தோலும், கையில் ஊன்றுகோல். தோளில் ஒரு பை. அதை யாரையும் தொட விடமாட்டாள்.

“பைக்குள்ள தங்கக்கட்டி வச்சிருக்காங்க போலிருக்கு,” என்று ரம்ஸி முசல்லத்தின் காதில் கிசுகிசுத்தான். “நாலு நாளா கெஞ்சறேன், குடுக்க மாட்டேங்கறாங்க.”

ஹம்தா பெரிய தட்டின்மேல் மக்லூபாச் சட்டியைக் கவிழ்த்தாள். சோறும் கோழியும் கத்தரிக்காயும் கோபுரமாக நின்றன. ஏழு பேர் கைதட்டிப் படம் எடுத்தார்கள். எட்னா கொஞ்சமாகச் சாப்பிட்டாள், நிதானமாக, தட்டில் ஒரு பருக்கை விடாமல். ஹம்தாவுக்கு அதிலேயே அவளைப் பிடித்துவிட்டது.

பிறகு காபி வந்தது. முசல்லம் நின்றபடி ஊற்றிக் கொடுத்தான். வெளிநாட்டார் காபி குடிப்பது நமக்குத் தெரியாததா? நுனி நாக்கில் தொட்டு, கசப்பில் முகத்தைச் சுளித்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். எட்னா அப்படிச் செய்யவில்லை. வலது கையில் வாங்கினாள். உதட்டருகே கொண்டு போகாமல் தன் முன்னால் கம்பளத்தில் வைத்தாள். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு முசல்லத்தின் முகத்தைப் பார்த்தாள். பெண் கேட்டு வந்த பெரியவர் வைப்பாரே, ரத்தப் பகையைத் தீர்க்க வந்தவர் வைப்பாரே, அதே மாதிரி.

முசல்லத்தின் நாக்கு அவனைக் கேட்காமலே புரண்டது. “குடிங்கம்மா. நீங்க கேக்க வந்தது கிடைச்சாச்சு.”

ரம்ஸி விழுந்து விழுந்து சிரித்தான். “பாத்தீங்களா! இங்க ஒருத்தர் காபியைக் குடிக்காம கீழ வச்சா, ஏதோ கேக்க வந்திருக்கார்னு அர்த்தம். வீட்டுக்காரர் ‘குடி’ன்னுட்டா முடிஞ்சது, கேட்டதைக் குடுத்தே ஆகணும். கேளுங்க மேடம்! ஒட்டகம் கேளுங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். எட்னா சிரிக்கவில்லை. அவள் வைத்தது வேறு எதற்கும் இல்லை. இதய டாக்டர் காபி தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார், விருந்து கொடுத்தவர் மனம் நோகுமோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் ரம்ஸி சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. கோப்பையை எடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தாள்.

“இந்த வீட்டு மாடிக்குப் போகலாமா?” என்றாள் முசல்லத்திடம்.

மாடியிலிருந்து ஹாரூன் மலை தெரியும், நம் ஊரில் எங்கே நின்றாலும் தெரிவதுபோல. உச்சியில் நபியின் அடக்கத் தலம், சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் குவிமாடம். எட்னா மூச்சு வாங்க நின்று அதையே பார்த்தாள்.

“முசல்லம், கீழ சொன்னது நிஜமா? இல்ல, எங்களுக்காகச் செய்யற வேடிக்கையா?”

“சோறு வேடிக்கைக்குத்தாம்மா. காபில நாங்க வேடிக்கை பண்றதில்ல.”

“நான் என்ன கேப்பேன்னு தெரியாமலேயே சரின்னுட்டீங்களே.”

“தெரிஞ்சிக்கிட்டுச் சரின்னா அது வியாபாரம்.”

அவள் பையைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தாள். மூன்று கிலோ அரிசி பிடிக்கும் அளவு. மூடியில் ஏதோ எண் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது.

“இதுல என் வீட்டுக்காரர் இருக்கார். வாரன்னு பேரு.”

முசல்லத்துக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏற நேரமாயிற்று. அவர்கள் பக்கம் செத்தவரை எரிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். கேள்விப்படுவது வேறு, ஒரு மனிதனை டப்பாவில் பார்ப்பது வேறு.

“அந்த மலை உச்சியில இவரைக் காத்துல விட்டுடணும். நானே ஏறத்தான் வந்தேன். முட்டி விட மாட்டேங்குது. எதுக்குன்னு சொல்லாம, அந்த மலைக்குக் கூட்டிட்டுப் போன்னு ரம்ஸிகிட்ட கேட்டா, அதுக்கெல்லாம் அனுமதி இல்ல மேடம்னுட்டான். நாளன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு பஸ் கிளம்பிடும். எனக்கு வேற யாரைத் தெரியும் சொல்லுங்க.”

ஏன் இந்த மலை? ஏன் காற்று? முசல்லத்தின் தொண்டை வரை வந்தது. ஆனால் விருந்தாளிக்குச் சரி என்று சொன்ன பிறகு ஏன் என்று கேட்டால், கொடுத்ததில் பாதியைத் திரும்பப் பிடுங்கியதுபோல. நம் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா. அவன் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், கண்களா, சொல்ல எனக்குக் கதையே இருந்திருக்காது.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “நாளைக்குக் காலையில போறேம்மா.”

“ஹோட்டல் மாடியில இருந்து பாத்துக்கிட்டு இருப்பேன். பைனாகுலர் கொண்டாந்திருக்கேன்,” என்றாள் எட்னா.

விருந்தாளிகள் போனதும் ஹம்தா டப்பாவைப் பார்த்தாள்.

“என்னது, சாக்லேட்டா?”

“மனுஷன்.”

“எந்த மனுஷன்?”

“அந்தம்மாவோட புருஷன்.”

ஹம்தா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு டப்பாவை வாங்கிக்கொண்டு போய் விருந்தாளி உட்காரும் அறையில், நல்ல மெத்தையின்மேல், திண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளைகளை அதட்டி டிவியை நிறுத்தினாள். “வீட்டுல மையத்து இருக்கு, கார்ட்டூன் கேக்குதா உங்களுக்கு?”

விஷயம் முழுவதையும் கேட்ட பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

“எரிச்சது அவங்க வழக்கம், அது அவங்க பாடு. ஆனா ஃபாரிஸ் அப்பா, நம்ம கையால ஒரு மனுஷனை அள்ளி வீசறதா? தவிடு தூத்தற மாதிரியா?”

“சரின்னு சொல்லிட்டேன்டி.”

“மலைக்குக் கொண்டு போறேன்னுதானே சொன்னே. கொண்டு போ. போய் மண்ணுல வை. அந்தம்மா துக்கத்துல இருக்கா, என்ன கேக்கறோம்னு அவளுக்கே தெரியாது. பின்னாடி ஒருநாள் உக்காந்து அழணும்னு தோணும். காத்துகிட்டப் போயா அழுவா?”

முசல்லத்துக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொல்லவா? அவள் அதைச் சொல்லவேண்டும் என்றுதான் அவன் காத்துக்கொண்டிருந்தான். ஹம்தா பெட்டியைத் திறந்து, அவள் தம்பி மக்காவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணியில் ஒரு பாதியைக் கிழித்தாள். இன்னும் ஒரு தடவைகூடத் தண்ணீர் படாத துணி.

மறுநாள் விடிந்ததும் கோவேறு கழுதையில் கிளம்பினான். பள்ளத்தாக்கில் ஜுமா எதிரே வந்தான், இவனுடைய சகலை, ஊரிலேயே பெரிய வாய்.

“என்னடா முசல்லம், பயணி இல்லாம மலையேறறே?”

“பயணியோடதான் போறேன்.”

“ஆளைக் காணோமே?”

“நல்ல ஆளு. உன்னை மாதிரி தொணதொணக்க மாட்டாரு.”

ஜுமா சிரித்துக்கொண்டே போனான். முசல்லத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

உச்சிக்கு ஏறும் கடைசிப் படிகளில் காற்று ஆளைத் தள்ளும். குவிமாடத்துக்குப் பக்கத்தில் நின்று டப்பாவைத் திறந்தான். பார்த்தான். சாம்பல் நிறம், இடையிடையே கல்லுப்பு மாதிரி வெள்ளை. காற்று ஒரு சிட்டிகையை அவன் கண்ணெதிரே பிடுங்கிக்கொண்டு போயிற்று. போனது ஒரு சிட்டிகைதான். அவனுக்கு யாரோ கதறினதுபோல இருந்தது. சட்டென்று மூடியை அழுத்தி மூடினான். இன்னொரு தடவை திறக்க முயன்றான். கை வரவில்லை.

கீழே இறங்கினான். உச்சிக்குச் சற்றுத் தாழ்வாக ஒரு சமதரை, அதில் ஒரு பழைய ஜூனிப்பர் மரம். அதன் நிழலில் இரும்பு முளையால் தோண்டினான். துணியை விரித்து, டப்பாவிலிருந்ததை ஒரு துளி சிந்தாமல் கொட்டி, தலைப்பக்கம் கால்பக்கம் முடிந்து, உள்ளே இறக்கினான். எந்தத் திசைக்கு முகம் வைப்பது என்று ஒரு நிமிஷம் குழம்பினான். சாம்பலுக்கு முகம் ஏது? மண்ணைத் தள்ளினான். நரி தோண்டாமல் இருக்கப் பெரிய கல்லாகத் தேடித் தேடி உருட்டி வந்து அடுக்கினான். தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று நட்டான்.

“விருந்தாளியே,” என்றான், கையைத் தட்டிக்கொண்டே. “உன் வீட்டுக்காரம்மா கேட்டபடி மலைக்குக் கொண்டாந்துட்டேன். மிச்சம் நானா செஞ்சது. தப்புன்னா என்மேல போடு.”

இறங்கி வரும்போது அவன் நெஞ்சு லேசாக இருந்தது. சொந்தத் தகப்பனுக்குச் செய்ததுபோல ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்கு இன்றைக்கும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பிற்பகல் ஹோட்டல் மாடியில் எட்னா தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தார்கள். பைனாகுலர் மடியில் இருந்தது. கண்ணைச் சுற்றி அது அழுத்திய சிவப்பு வளையம்.

“உங்களைப் பாத்தேன்,” என்றாள். “படியில ஒரு கறுப்புப் புள்ளி. நீங்கதானே?”

“நான்தாம்மா.”

“அப்புறம் கீழ வந்துட்டீங்க. ரொம்ப நேரம் குனிஞ்சுக்கிட்டே இருந்தீங்க. தொழுதீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவளே கதவைத் திறந்துவிட்டாள். ஆனால் அந்த மாடியிலிருந்தும் ஹாரூன் மலை தெரிகிறதே. அந்த வெள்ளைக் குவிமாடம் கண்ணில் படும் இடத்தில் நின்று நம் ஆள் எவனாவது பொய் சொல்லியிருக்கிறானா? அதோடு, சொல்லிவிடுகிறேனே, அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவள் கண்கலங்கி நன்றி சொல்வாள் என்று நினைத்தான்.

“அம்மா, அவரை வீச எனக்கு மனசு வரல. படுக்க வச்சிருக்கேன். என் பொஞ்சாதி குடுத்த புதுத் துணியில சுத்தி, மரத்து நிழல்ல, மண்ணுல.”

எட்னா அசையவில்லை.

“எவ்வளவு ஆழம்?” என்றாள்.

“முழங்கைக்கு மேலயே இருக்கும். நல்ல ஆழம்.”

“மேல?”

“கல்லும்மா. ஒண்ணொண்ணும் ரெண்டு கையால தூக்க முடியாத கல்லு. எந்த மிருகமும் அசைக்க முடியாது. நீங்க கவலையே…”

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அவள் மலையைப் பார்த்தே பேசினாள்.

“பத்தொம்பது வயசு அவருக்கு. பென்சில்வேனியாவுல நிலக்கரிச் சுரங்கம். கூரை இடிஞ்சு விழுந்துடுச்சு. நாலு நாள் உள்ள. நிமிர்ந்து உக்காரக்கூட இடமில்ல, கல்லு மூக்குக்கு மேல. கூட ஒருத்தன், பள்ளிக்கூட சிநேகிதன். ரெண்டாம் நாள் அவன் போயிட்டான். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டே இவர் இன்னும் ரெண்டு நாள் கிடந்தார்.”

முசல்லம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அதுக்கப்புறம் சம்பாதிச்சார், பெரிய வீடு கட்டினார். ஒரு அறைக்காவது கதவைச் சாத்தினதில்ல. பனி கொட்டும், ஜன்னல் திறந்திருக்கும், நான் தொப்பி போட்டுக்கிட்டுத் தூங்குவேன். ஐம்பத்தோரு வருஷம். ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு பைபிள் சொல்லிக் குடுப்பார். ஆரோன், அதான் உங்க ஹாரூன், செத்ததைப் படிக்கும்போது மட்டும் அவர் முகமே வேற மாதிரி ஆயிடும். மலைமேல ஏறி, அங்கியைக் கழட்டி மகன்கிட்ட குடுத்துட்டு, வெட்டவெளியில போயிட்டாராம். ‘குடுத்து வச்சவன்யா’ம்பார். கடைசியா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. ‘எட்னா, மண்ணு வேண்டாம். கல்லு வேண்டாம்.’”

“அம்மா…”

“ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, முசல்லம்.”

“ஏன்னு கேட்டா எங்க பக்கம் மரியாதை இல்லம்மா.”

“எங்க பக்கம் கேக்காட்டிதான் மரியாதை இல்ல.” அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “நீங்க நல்லதுதான் நினைச்சீங்க. நல்லாத் தெரியுது. அதனாலதான் உங்களைத் திட்டக்கூட முடியல.”

அவன் எழுந்து வந்துவிட்டான். செய்கிறேன் என்று சொல்லவில்லை. எதைச் செய்வது? வைத்த பிணத்தை எடுக்கிறவனை நம் ஆட்கள் என்னவென்று சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டைத் திருடினவனுக்கு மன்னிப்பு உண்டு, ஆளைக் கொன்றவனுக்குக்கூடப் பேச்சுவார்த்தை உண்டு. கபரைத் திறந்தவனோடு உட்கார்ந்து ஒருவரும் சாப்பிடமாட்டார்கள். இந்தப் பக்கம் பார்த்தால், ஒரு விருந்தாளி கேட்டதைத் தருகிறேன் என்று சொல்லி, அந்த மனிதன் உலகத்திலேயே எதற்கு அதிகமாகப் பயந்தானோ அதையே தேடித் தேடி அடுக்கிவிட்டு வந்திருக்கிறான்.

வீட்டில் ஹம்தா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்ல தகட்டின்மேல் ரொட்டி கருகியது.

“தோண்டறதா! ஹாரூன் நபி பாத்துக்கிட்டு இருக்க, வச்சவரைத் தோண்டறதா?”

“நீதானே மண்ணுல வைன்னே!”

“நான் சொன்னேன், நீ கேட்டே. மத்ததெல்லாம் நான் சொல்லி எதைக் கேட்டிருக்கே? இவ்ளோ பெரிய கல்லா வைன்னு நானா சொன்னேன்?”

“நரி வரும்னு வச்சேன்டி!”

“நரி! நரிக்குப் பயந்தானாம் இவன்!”

இரண்டு பேரும் கத்தி ஓய்ந்தார்கள். புகை கண்ணைக் கரித்தது. ஹம்தா கருகின ரொட்டியை எடுத்து ஆடுகளுக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாவு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நாலு நாளா?” என்றாள்.

“நாலு நாள்.”

“அந்த இன்னொரு பையன் மௌத்தான பிறகும் கையை விடலியா?”

“விடலியாம்.”

அவள் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். “இப்ப அங்க என்ன பண்ணிக்கிட்டு இருப்பாரோ,” என்றாள், யாரோ பக்கத்து வீட்டில் காய்ச்சலாகக் கிடப்பவரைப் பற்றிக் கேட்பதுபோல. பிறகு எழுந்தாள். “கழுதைக்கு இப்பவே தண்ணி காட்டிடு. நானும் வர்றேன். துணி குடுத்தவ நான். பாவம்னா ரெண்டாப் பிரிச்சுக்கலாம்.”

மறுநாள் சூரியன் கீழ்வானில் ஏறும்போது இருவரும் ஜூனிப்பர் மரத்தடியில் நின்றார்கள். முசல்லம் முதல் கல்லின்மேல் கையை வைத்தான். வைத்தவன் வைத்தபடியே நின்றான். வியர்வை தாடியில் வழிந்தது.

“தள்ளு,” என்றாள் ஹம்தா. பிஸ்மி சொல்லிக் குனிந்து, அந்தக் கல்லைத் தூக்க முடியாமல் புரட்டினாள். விரல் நசுங்கி ரத்தம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவன் கைக்கு உயிர் வந்தது. எல்லாக் கல்லையும் எடுத்தார்கள். மண்ணை விரலால் விலக்கினார்கள், கூர்மையான எதையும் பயன்படுத்தவில்லை. வெள்ளைத் துணி ஈர மண் ஒட்டி வெளியே வந்தபோது ஹம்தா அதைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினாள்.

“மன்னிச்சுக்கோங்கண்ணே,” என்றாள். “தெரியாம மூடிட்டோம்.”

உச்சிக்கு ஏறினார்கள். குவிமாடத்துக்குப் பக்கத்தில் துணியின் முடிச்சை அவிழ்த்து விரித்தார்கள்.

காற்று இல்லை. ஆளைத் தள்ளும் அந்த உச்சியில் ஒரு புல்கூட ஆடவில்லை. முசல்லம் எச்சில் தொட்டு விரலைத் தூக்கிப் பார்த்தான். எந்தப் பக்கமும் குளிரவில்லை. ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று.

“கோபமா இருக்காரு,” என்றான்.

“யாரு?”

“யாருன்னு சொல்ல. எல்லாரும்தான்.”

அப்போது போன் அடித்தது. ரம்ஸி.

“முசல்லம், எங்கய்யா இருக்கே? அந்தம்மா பஸ்ல ஏறமாட்டேங்குது! கம்பை ஊன்றிக்கிட்டு ரோட்டோரத்துல நிக்குது, மலையைப் பாத்துக்கிட்டு. ஏழு பேரு உள்ள உக்காந்து என்னை முறைக்கறாங்க. நீ என்னதான் சொன்னே அதுகிட்ட?”

“போனை அவங்ககிட்ட குடு.”

“நீ முதல்ல…”

“குடு ரம்ஸி.”

ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம். மூச்சு.

“அம்மா, முசல்லம் பேசறேன். எடுத்துட்டோம். மண்ணை விட்டு, கல்லை விட்டு எடுத்தாச்சு. உச்சியிலதான் இருக்கோம். ஆனா காத்து இல்லம்மா. துணியிலயே இருக்கார்.”

“துணி மூடியிருக்கா?”

“இல்லம்மா. விரிச்சு வச்சிருக்கோம். மேல ஒண்ணுமில்ல. வானம்தான்.”

“அப்போ அவருக்கு அவசரமில்ல,” என்றாள் எட்னா. “எனக்கும் இல்ல. ரம்ஸி நிக்கட்டும்.”

போனை வைக்கவில்லை, யாரும். முசல்லம் அதைக் கல்லின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். ரம்ஸி தூரத்தில் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதும், ஒரு கார் ஒலி எழுப்பிக்கொண்டு போவதும் கேட்டது. ஹம்தா நசுங்கின விரலை வாயில் வைத்துக்கொண்டு, துணியில் இருப்பவருக்கு வெயில் படுமோ என்று தன் நிழலை விழ வைத்து உட்கார்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நகர்ந்து வெயிலை விட்டாள்.

எட்டரை மணி வாக்கில் அவள் முக்காட்டின் ஓரம் அசைந்தது. பெரிய காற்றல்ல. தூங்குகிறவன் விடும் மூச்சு அளவுதான். முசல்லம் இரண்டு கையாலும் அள்ளினான். விரலை விரித்தான். கொஞ்சம் போயிற்று. கொஞ்சம் திரும்பி அவன் சட்டையிலும் தாடியிலும் விழுந்தது. நாக்கில் உப்புக் கரித்தது. துப்ப மனமில்லாமல் விழுங்கினான். ஹம்தாவும் அள்ளினாள். கறுப்பு அங்கி முழுக்க வெளுத்துவிட்டது. அள்ள அள்ளக் காற்று ஏறியது. கடைசியில் துணியின் நான்கு முனையையும் இருவரும் பிடித்து உதறியபோது, துணியைப் பிடுங்கிக்கொண்டு போகிற அளவுக்கு அது ஏறியிருந்தது.

போனில் குரல் கேட்டது. “முசல்லம்? வெளிய வந்துட்டாரா?”

அவன் குனிந்து, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் விஷயம்போல மெல்லச் சொன்னான். “வந்துட்டாரும்மா.”

அவள் அழுதாளா என்று அவனுக்குத் தெரியாது. பஸ் கதவு மூடும் சத்தம் கேட்டது, அதோடு தொடர்பு அறுந்தது.

இறங்கும் வழியில் குழியை மூடினார்கள். திறந்த கபரை அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாதே. வெறும் குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த முசல்லம் பாதியில் நிறுத்தினான். “நான் எதுக்குடி பதில் சொல்லணும் அல்லாஹ்கிட்ட?” என்று கேட்டான். “வச்சதுக்கா, எடுத்ததுக்கா?” ஹம்தாவுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, கண்களா. நம் ஊரில் இரண்டு பக்கமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜுமா மூன்று மாதம் அவன் வீட்டில் கை நனைக்கவில்லை. கம்பெனியும் அந்த மத்தியானச் சாப்பாட்டை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டது, ஏழு பேர் புகார் எழுதினார்களாம்.

முசல்லம் இன்னமும் வழிகாட்டிதான். ஆட்களை ஹாரூன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னால் மட்டும் வேறு ஆளைக் கை காட்டுகிறான்.

அவ்வளவுதான். தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடப்போகிறது. உங்கள் வீட்டில் ஒருவர் மனசு ஒருவருக்குச் சொல்லாமலே விளங்கட்டும், விளங்காதபோது கேட்கத் தைரியம் இருக்கட்டும். உங்கள் அடுப்பு எரியட்டும், உங்கள் கிணறு ஊறட்டும், உங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் திரும்பி வரட்டும். அல்லாஹ் உங்கள் கூரையின்மேல் கையை வைத்து, அதை லேசாகவே வைத்திருக்கட்டும்.